அந்தப் போன் அவனுடையது

மனச்சிதைவு நோய் உள்ள ஒருவரோடு பல வருஷம் ஒரே வீட்டில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும், அந்த நோய் ஒரே நாளில் திரும்பி வருவதில்லை. முதலில் தூக்கம் போகும். பிறகு அவரவர்க்கென்று ஓர் அடையாளம் வரும். என் தம்பி சாப்பிடும்போது சுவரைப் பார்த்து உட்கார ஆரம்பிப்பான். ரேடியோவை நிறுத்திவிடுவான். வாசலில் யார் நின்று பேசிவிட்டுப் போனாலும் "என்னைப் பத்தி என்ன கேட்டாங்க?" என்பான். எனக்குத் தெரிந்த இன்னொரு வீட்டில், அந்தப் பெண் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் கோலம் போடாமல் இருந்தால் அவள் அம்மா உடனே டாக்டருக்குப் போன் போட்டுவிடுவார். காதில் குரல் ஓங்குவதும், யாரோ தன்னைக் கொல்லப் பார்க்கிறார்கள் என்று நம்புவதும் கடைசியில் வருபவை. ஊரார் அதைத்தான் நோய் என்று நினைக்கிறார்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு அது பல நாள் முன்பே தொடங்கிவிடுகிறது.

மருத்துவர்கள் இதை எண்ணிப் பார்த்துச் சொன்னது 1980இல். ஹெர்ஸ், மெல்வில் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் நோயாளிகளிடமும் அவர்கள் குடும்பத்தாரிடமும் கேட்டார்கள்: நோய் மறுபடி வருவதற்கு முன்னால் ஏதாவது மாற்றம் தெரிந்ததா? குடும்பத்தாரில் 100க்கு 93 பேர் தெரிந்தது என்றார்கள். நோயாளிகளிலேயே 100க்கு 70 பேர் தெரிந்தது என்றார்கள். இதை நான் சொல்லும்போதெல்லாம் பெற்றோர்கள் அந்த 93ஐப் பிடித்துக்கொள்வார்கள். "பாத்தீங்களாம்மா, நமக்குத்தான் தெரியுது" என்பார்கள். எனக்கு அந்த 70தான் பெரிது. தன் மனம் தடுமாறத் தொடங்குவதை நோயாளியே பெரும்பாலும் உணர்கிறார். அதைச் சொல்ல அவருக்கு இடம் இருக்கிறதா, சொன்னால் என்ன நடக்கும் என்ற பயம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இப்போது போனில் வந்திருக்கும் ஆப்களைப் பற்றிப் பேசும்போதும் நான் அந்த இடத்திலிருந்துதான் தொடங்குவேன்.

இந்த நோய் உள்ளவர்களின் குடும்பங்கள் கூடும் இடங்களில் இளம் பெற்றோர் என்னிடம் கேட்பது வேறு. "ஏதோ ஆப் இருக்காமே, பையன் போன்ல போட்டுட்டா முன்கூட்டியே தெரிஞ்சிடுமாமே." கேட்பவரின் கண்ணில் எவ்வளவு களைப்பு இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஒருமுறை ஆஸ்பத்திரியில் சேர்த்து மீட்டவர்களுக்கு அடுத்த முறையை நினைத்தாலே கை நடுங்கும். அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. நியூயார்க்கில் முதல் தடவை நோய் வந்து தேறியவர்களைத் தொடர்ந்து கவனித்த ஒரு குழு 1999இல் எழுதியது: ஐந்து ஆண்டுக்குள் 100க்கு ஏறக்குறைய 82 பேருக்கு நோய் திரும்பியது. மருந்தை நிறுத்தியவர்களுக்கு அந்த ஆபத்து ஏறக்குறைய 5 மடங்கு. ஒவ்வொரு முறை திரும்பும்போதும் படிப்பில் ஒரு வருஷம் போகும், வேலை போகும், நிச்சயமான கல்யாணம் நின்றுபோகும். ஆகவே முன்கூட்டித் தெரிந்துகொள்ளும் ஆசையை நான் ஒருபோதும் குறை சொல்ல மாட்டேன்.

ஆப் எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொள்வது நல்லது. இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, போன் கேட்கும், நாம் பதில் சொல்ல வேண்டும். மான்செஸ்டரில் 2010களின் தொடக்கத்தில் செய்த 'கிளின்டச்' அப்படிப்பட்டது. ஒரு நாளில் பல தடவை, எதிர்பாராத நேரத்தில் போன் ஒலிக்கும். குரல் கேட்டதா, பிறர் தனக்குத் தீங்கு நினைப்பதாகத் தோன்றியதா, மனம் எப்படி இருக்கிறது என்று கேள்விகள் வரும். திரையில் விரலை நகர்த்தி எவ்வளவு என்று காட்டினால் போதும். இதன் அருமை தெரிய நம்மூர் ஓ.பி.யில் நின்றிருக்க வேண்டும். மாதம் ஒருமுறை விடியற்காலை பஸ் பிடித்துப் போய், சீட்டு வாங்கி, வரிசையில் உட்கார்ந்து, உள்ளே போனதும் டாக்டர் "எப்படி இருக்கீங்க?" என்பார். "நல்லா இருக்கேன் சார்." அவ்வளவுதான். முந்தின வாரம் மூன்று இரவு கண் மூடாமல் இருந்தது அந்த நிமிஷத்தில் நினைவுக்கு வராது. வந்தாலும் பின்னால் ஆள் நிற்கும்போது சொல்ல வராது. அந்தந்த நேரத்தில் குறித்து வைத்தது கையில் இருந்தால் பேச்சே வேறாகிறது.

இரண்டாவது வழியில் நாம் எதுவும் சொல்ல வேண்டாம். போனே கவனித்துக்கொண்டிருக்கும். எவ்வளவு தூரம் வெளியே போனார், எத்தனை மணிக்குத் திரை அணைந்தது, நடு ராத்திரியில் எத்தனை தடவை ஒளிர்ந்தது, எத்தனை பேருக்குப் பேசினார் என்பதையெல்லாம் அதுவே சேர்த்து வைத்து, அவருடைய வழக்கத்திலிருந்து எங்கே விலகுகிறது என்று பார்க்கும். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய ஆப்பை வைத்து பாஸ்டனில் 17 நோயாளிகளைக் கவனித்து 2018இல் முடிவை வெளியிட்டார்கள். நோய் திரும்புவதற்கு முந்தைய இரண்டு வாரத்தில் இப்படிப்பட்ட விலகல்கள் மற்ற நாட்களைவிட 71 விழுக்காடு கூடுதலாக இருந்தன. பதினேழே பேர் என்பதை மறக்கக் கூடாது. அதற்குப் பிறகு பாஸ்டன், பெங்களூரு நிம்ஹான்ஸ், போபால் ஆகிய மூன்று இடங்களில் சேர்ந்து பெரிய அளவில் செய்தார்கள். கொரோனா காலத்தில் நடந்த ஆய்வு அது. 2023இல் வந்த முடிவு, நோய் திரும்புவதற்கு முந்தைய மாதத்தில் விலகல்கள் இரு மடங்குக்குச் சற்று மேல் என்றது. நம் நாட்டு நோயாளிகள், நம் நாட்டுப் போன்கள், நம் நாட்டு சிக்னலை வைத்தும் இது ஓரளவு பலிக்கிறது என்பது எனக்குப் பெரிய நிம்மதி தந்த செய்தி.

இரு மடங்கு என்றாலும் ஒவ்வொரு விலகலும் நோய் அல்ல. தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போய் மூன்று நாள் விழித்திருந்தாலும் போன் விலகல் என்றுதான் சொல்லும். காய்ச்சலில் படுத்திருந்தாலும் அதேதான். ஏன் விலகியது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு மனிதர் வேண்டும்.

நாங்கள் காவிரிக் கரைக்காரர்கள். மேட்டூரில் தண்ணீர் திறந்தால் கல்லணைக்கு வந்து சேர மூன்று நாள் போல ஆகும். திறந்த செய்தி முன்னாலேயே வந்துவிடும். அந்த மூன்று நாளில் கரை உடைந்த இடத்தில் மண்மூட்டை அடுக்க ஆள் போனால்தான் செய்தி வந்ததில் பயன். ஆப் தருவது அந்த மூன்று நாளைத்தான். மண்மூட்டையை அது தூக்காது.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. கிளாஸ்கோவிலும் மெல்போர்னிலும் 73 பேரை வைத்து நடத்திய 'எம்பவர்' ஆய்வின் முடிவு 2022இல் வந்தது. அதில் நோயாளிகள் தினமும் போனில் சில கேள்விகளுக்குப் பதில் சொன்னார்கள். அதோடு விடவில்லை. இதே மாதிரி மனநோயைத் தாங்கி வந்த அனுபவமுள்ளவர்களை வேலைக்கு அமர்த்தி, அவர்கள் போன் செய்து பேசும்படி செய்தார்கள். பதில்களில் மாற்றம் தெரிந்தால் மருத்துவக் குழு பார்த்தது. அந்த ஆய்வில் என் மனதைத் தொட்டது ஒரு முடிவு. நோய் திரும்பிவிடுமோ என்ற பயம் அந்த ஆப்பைப் பயன்படுத்தியவர்களிடம் குறைந்திருந்தது. அந்தப் பயத்தின் பாரம் தெரியாதவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஒரு ராத்திரி தூக்கம் வராவிட்டால் 'ஆரம்பிச்சிடுச்சோ' என்று என் தம்பி பதறுவான், அந்தப் பதற்றமே அடுத்த ராத்திரித் தூக்கத்தையும் எடுத்துவிடும். அது குறைவதே ஒரு சிகிச்சை.

நம் ஊரிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. சாரதா மேனன் அம்மையார் 1984இல் சென்னையில் தொடங்கிய 'ஸ்கார்ஃப்' நிறுவனம், 2010 முதல் புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களுக்கு ஒரு பஸ்ஸை அனுப்பியது. பஸ்ஸுக்குள் திரை இருக்கும், சென்னையில் உட்கார்ந்திருக்கும் மனநல மருத்துவர் திரையில் பேசுவார், பஸ்ஸிலேயே மருந்தும் கிடைக்கும். அது பலித்ததற்குத் திரை மட்டும் காரணமில்லை. உள்ளூரிலேயே பயிற்சி தந்து நியமித்த பணியாளர்கள் இருந்தார்கள். வராதவரைத் தேடி வீட்டுக்குப் போய் "ஏன் வரலை?" என்று கேட்க ஒரு முகம் இருந்தது. எந்தக் கருவிக்குப் பின்னாலும் அப்படி ஒரு முகம் இருக்கிறதா என்று பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது.

இனி, கஷ்டமான விஷயத்துக்கு வருகிறேன்.

யாரோ தன்னைக் கவனிக்கிறார்கள், போனை ஒட்டுக்கேட்கிறார்கள், சுவரில் கேமரா வைத்திருக்கிறார்கள் என்று நம்புவது இந்த நோயின் ஓர் அடையாளம். அப்படிப்பட்டவரின் போனில், அவர் எங்கே போகிறார் எப்போது தூங்குகிறார் என்று உண்மையிலேயே கவனிக்கும் ஒன்றை நாம் வைக்கிறோம். இதன் கனத்தை உணராமல் இதைச் செய்யக் கூடாது. 2017 நவம்பரில் அமெரிக்க அரசு ஒரு மாத்திரைக்கு அனுமதி தந்தது. மனச்சிதைவுக்குத் தரும் அரிபிப்ரசோல் மருந்துதான், உள்ளே மணல் அளவில் ஒரு கருவி. வயிற்றுக்குள் போனதும் அது சமிக்ஞை அனுப்பும், உடம்பில் ஒட்டிய பட்டை அதை வாங்கி போனுக்குத் தரும். மாத்திரை விழுங்கியாயிற்று என்று ஆப்பில் பதிவாகிவிடும். யார் யார் அதைப் பார்க்கலாம் என்பதை நோயாளியே தீர்மானிக்கலாம், பின்னால் அனுமதியை எடுத்தும்விடலாம் என்று வைத்திருந்தார்கள். அந்த ஒரு ஏற்பாட்டை நான் மதிக்கிறேன். ஆனாலும் 'என் வயிற்றுக்குள் கருவி வைத்திருக்கிறார்கள்' என்று அஞ்சுகிறவனுக்கு அதையே உண்மையாக்கித் தருவதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தக் கருவியைச் செய்த நிறுவனம் 2020இல் திவாலாகிவிட்டது.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் அப்பா, மகன் குளிக்கப் போன நேரத்தில் அவன் போனில் இருப்பிடம் காட்டும் ஆப் ஒன்றைப் போட்டுவிட்டார். அவர் கெட்டவர் அல்ல. பிள்ளை இரண்டு முறை வீட்டைவிட்டுப் போய்த் தேடி அலைந்தவர். மகன் சில வாரத்தில் கண்டுபிடித்துவிட்டான். போனை உடைத்தான், மாத்திரையையும் நிறுத்தினான். "நான் சொன்னப்ப எல்லாரும் பிரமைன்னீங்க. இப்ப என்ன சொல்றீங்க?" என்று அவன் கேட்டதற்கு அந்த வீட்டில் யாரிடமும் பதில் இல்லை. அவன் கேட்டது நியாயம். நம்பிக்கை போன பிறகு எந்த டாக்டர் எந்த மருந்து எழுதினாலும் உள்ளே போகாது.

நம் தமிழ்நாட்டில் இந்த நோயாளிகளைக் கவனித்துக்கொள்வது என்ற பெயரில் நடந்ததை மறக்க எனக்கு மனம் வரவில்லை. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, ஏர்வாடி தர்கா அருகே ஒரு கொட்டகையில் பிடித்த தீயில் 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டியிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. அவர்கள் வீட்டார் பலரும் பாசத்தோடும் நேர்த்திக்கடனோடும் கொண்டுவந்து விட்டவர்கள்தான். அந்தச் செய்தி வந்த நாளில் என் தம்பி பேப்பரை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு ஒன்றும் பேசாமல் மாடிக்குப் போனான். அன்றிலிருந்து, அவனுக்கு நல்லது என்று நான் நினைக்கும் எதையும் அவனைக் கேட்காமல் செய்வதில்லை.

கேள்விகள் யாருடைய அனுபவத்திலிருந்து வருகின்றன என்பதும் முக்கியம். டான்யா லூர்மன் என்ற அமெரிக்க மானுடவியலாளர் சென்னை, கானா நாட்டு அக்ரா, கலிபோர்னியாவின் சான் மேட்டியோ ஆகிய மூன்று இடங்களில் குரல் கேட்பவர்களிடம் பேசி, சென்னை மருத்துவர்களோடு சேர்ந்து எழுதினார். கலிபோர்னியாவில் குரல்கள் பெரும்பாலும் வன்முறையானவை, மூளையில் கோளாறு என்றே அவர்கள் சொன்னார்கள். அக்ராவில் பலருக்குக் கடவுள் பேசினார். சென்னையில் பலருக்குச் சொந்தக்காரர்கள் பேசினார்கள். குளி, சாப்பிடு, சமையலைப் பார், கடைக்குப் போ என்று சொன்னார்கள். சில நேரம் திட்டினார்கள், சில நேரம் வழி காட்டினார்கள். வெளிநாட்டில் எழுதிய ஆப் "இன்று குரல் உங்களைத் தொந்தரவு செய்ததா?" என்று கேட்டால், செத்துப்போன அத்தை "சாப்பிட்டியா?" என்று கேட்டதைத் தொந்தரவு என்று இங்கே ஒருவர் குறிப்பாரா? அந்த அத்தையே ஒரு நாள் "சாப்பிடாதே, விஷம்" என்று சொல்லத் தொடங்கும்போதுதான் நமக்குத் தெரிய வேண்டும். அதைப் பிடிக்கும் கேள்வி நோயாளியோடு உட்கார்ந்து எழுதினால்தான் வரும்.

எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்தோம். தம்பிக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது. காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது வந்த நோய். டாக்டர், தினமும் குறித்துவைக்கிற பழக்கம் நல்லது என்றார். என் மகள் அவன் போனில் சாதாரணமான ஒரு படிவத்தை அமைத்துத் தந்தாள். இருப்பிடம் பார்ப்பது, பேச்சுக் கணக்கு எடுப்பது எதுவும் கிடையாது. "மாமா, இது உங்க போன். நீங்க காட்டினாத்தான் நான் பாப்பேன்" என்று சொல்லித்தான் ஆரம்பித்தாள். என்ன கேட்க வேண்டும் என்று அவனே சொன்னான். நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினேன். மாத்திரை போட்டேனா. மூன்றாவது கேள்விக்கு அவன் வெகு நேரம் யோசித்தான். குரல் கேட்டதா என்று கேட்காதே, அது தினமும் கேட்கும் என்றான். "தூரமா இருந்துச்சா, பக்கமா இருந்துச்சான்னு கேளு." இத்தனை வருஷத்தில் எந்த மருத்துவரும் கேட்காத கேள்வி அது. எனக்கும் அன்றைக்குத்தான் தெரியும், அவனுக்குக் குரலில் தூரம் உண்டு என்று.

ஒரு மார்கழியில் நான்கைந்து நாள் தொடர்ந்து 'பக்கம்' என்று போட்டிருக்கிறான். தூக்கமும் பாதியாகியிருக்கிறது. எங்கள் யாருக்கும் வெளியே எதுவும் தெரியவில்லை. சுவரைப் பார்த்து உட்காரக்கூட ஆரம்பிக்கவில்லை. அவனே போனை எடுத்துவந்து மகளிடம் காட்டி, "டாக்டர்கிட்ட பேசணும்" என்றான். டாக்டர் போனிலேயே விசாரித்து, மருந்தின் அளவை மாற்றி, இரண்டு நாளில் நேரில் வரச் சொன்னார். பொங்கலுக்கு அவன் வீட்டில்தான் இருந்தான், வழக்கம்போல வாசலுக்குக் காவி அடித்தான்.

இப்படி ஒன்றை வைத்துக்கொள்ளும் வீடுகளுக்கு நான் கெஞ்சிக் கேட்பது, அதைத் திட்டுவதற்கு எடுக்காதீர்கள் என்பதுதான். "இன்னிக்கு ஏன் போடலை? மாத்திரை இல்லைன்னு போட்டிருக்கே, ஏன்?" என்று வீட்டில் குரல் உயர்ந்தால் அடுத்த நாளிலிருந்து எல்லாப் பதிலும் 'நல்லா இருக்கேன்' ஆகிவிடும். குற்றம் சொல்லும் பேச்சும் ஓயாத கண்டிப்பும் மிகுந்த வீட்டில் நோய் சீக்கிரம் திரும்புகிறது என்பது லண்டனில் ஜார்ஜ் பிரவுன் தொடங்கி வைத்த ஆய்வுகளிலிருந்து பல பத்தாண்டுகளாகத் தெரிந்த விஷயம். நோயைத் தடுக்க வாங்கிய கருவி நோய்க்கே உரமாகிவிடக் கூடாது. போடாத நாளுக்கு அவருக்கு உரிமை உண்டு. நன்றாக இருக்கும்போது தினம் தினம் நோயை நினைவூட்டும் கேள்வி சலிப்பைத் தரும், சிலருக்கு வேதனையும் தரும். அப்போது வாரம் ஒரு தடவை போதும்.

நன்றாக இருக்கும்போதே உட்கார்ந்து பேசி, ஒப்புக்கொண்டதை எழுதிவைத்துவிடுங்கள். எந்த அடையாளம் வந்தால் யாரிடம் சொல்வது, யார் ஆஸ்பத்திரிக்குக் கூட வருவது, எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, எதைச் செய்யவே கூடாது. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் இதற்கு வழி தந்திருக்கிறது. தனக்கு நோய் முற்றினால் எப்படிச் சிகிச்சை தர வேண்டும், எப்படித் தரக் கூடாது என்று ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கலாம். தன் சார்பில் பேச ஒருவரை நியமிக்கலாம். தன் நோய் விவரம் ரகசியமாக இருக்க வேண்டும் என்பதையும் அந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவு உரிமையாகவே சொல்கிறது. கடையில் இலவசமாகக் கிடைக்கிறது என்று ஏதோ ஒரு ஆப்பை இறக்கி, குரல் கேட்கிறது என்றும் சந்தேகம் வருகிறது என்றும் எழுதிக் குவிப்பதற்கு முன்னால், அது எங்கே போய்ச் சேருகிறது, யார் பார்ப்பார்கள், அழிக்கச் சொன்னால் அழிப்பார்களா என்று கேளுங்கள். பெண் பார்க்கிற இடத்திலும் வேலை கேட்கிற இடத்திலும் இந்த நோயின் பெயர் இன்னும் கதவைச் சாத்தும் நாட்டில் இருக்கிறோம்.

ஆப் போடத்தான் போகிறீர்கள் என்றால், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போங்கள். அவன் முன்னாலேயே கேளுங்கள்: சனிக்கிழமை ராத்திரி இதில் மோசமான பதில் வந்தால் எங்கள் போனை எடுப்பது யார்? டாக்டர் ஒரு பெயரும் ஒரு எண்ணும் தந்தால் அதை அவனே தன் போனில் பதிந்துகொள்ளட்டும். தர முடியாத இடமாக இருந்தால், அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416 இரவும் பகலும் இருக்கிறது, தமிழில் பேசலாம். அதைப் பதிந்துகொண்டு, அருகில் வண்டி வைத்திருக்கும் சொந்தக்காரர் ஒருவரிடமும் முன்கூட்டிச் சொல்லிவையுங்கள். இவ்வளவும் ஆன பிறகு, என்னென்ன கேள்வி வேண்டும் என்று அவனிடம் கேட்டு எழுதத் தொடங்குங்கள்.